கம்பிக்கு எவ்வளவு கூலி? நெட் மீட்டரும் கட்டணச் சண்டைகளும்

கூரையில் சோலார் போட நினைப்பவர்கள் பேனலைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி, எத்தனை வாட், மழைக்காலத்தில் எவ்வளவு வரும், குரங்கு ஏறினால் உடையுமா என்று விற்பனையாளரைத் துளைத்தெடுக்கிறார்கள். மீட்டரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. போட்ட பணம் ஐந்து வருடத்தில் திரும்புமா, பத்து வருடம் இழுக்குமா என்பது பேனலைவிட வாசல் சுவரில் இருக்கும் மீட்டரையும், அதன் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் ஆணையையும் பொறுத்தது. பேனல் 25 வருடம் உழைக்கும். ஆணைகள் அவ்வளவு காலம் நிலைத்ததில்லை. தமிழ்நாட்டில் 2013, 2019, 2021 என எட்டு வருடத்துக்குள் மூன்று ஆணைகள் வந்து மூன்று விதமாகக் கணக்கை மாற்றின.

ஆகவே இந்த அத்தியாயத்தில் பேனல் இல்லை. உங்கள் கூரைக்கும் தெருக் கம்பத்துக்கும் நடுவே ஓடும் பணத்தைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

ஒரே கூரை, மூன்று பில்

கிரிட்டோடு இணைந்த சோலார் பகலில் உற்பத்தி செய்வதை முதலில் வீடு எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது கம்பி வழியாக வெளியே போகும். இரவில் வழக்கம்போல் கம்பியிலிருந்து வாங்குகிறோம். வெளியே போன யூனிட்டுக்கு என்ன மதிப்பு என்பதில்தான் எல்லாத் தகராறும்.

நெட் மீட்டரிங் என்றால் யூனிட்டுக்கு யூனிட் கழிவு. அடுத்தவர் குதிரில் போட்டுவைத்த நெல்லை அளவு குறையாமல் திரும்ப வாங்குவது மாதிரி. நெட் ஃபீட்-இன் என்றால் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, உள்ளே வாங்கும் யூனிட்டுக்கு வழக்கமான விலை. கிராஸ் மீட்டரிங்கில் உற்பத்தி முழுவதையும் ஒரு விலைக்கு விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டியதை முழுவதும் தனியாக வாங்க வேண்டும்.

ஒரு வீட்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் செலவாகும் வீடு. இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் உண்டு. 2024 ஜூலைக்குப் பிந்தைய கட்டணத்தில் இந்த வீட்டின் பில் ஆறாயிரத்தை நெருங்கும். 100 யூனிட் இலவசம் போக, 500-ஐத் தாண்டிய யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல் போவதுதான் காரணம். கூரையில் 3 கிலோவாட் போடுகிறார்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட்.

நெட் மீட்டரிங்கில் 900-இலிருந்து 720 கழிந்து 180 யூனிட்டுக்கு மட்டும் பில். அதிலும் முதல் 100 இலவசம். கட்ட வேண்டியது இருநூறு ரூபாய்க்குள். அதாவது ஒவ்வொரு சோலார் யூனிட்டும் ஏறக்குறைய 8 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. கழிவது எப்போதும் உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள் என்பதால்தான் இத்தனை லாபம்.

அதே வீடு 2019 மார்ச்சில் வந்த ஆணையின்படி நெட் ஃபீட்-இன்னில் இருந்தால்? அன்று வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஆணையம் வைத்த விலை 2 ரூபாய் 28 காசு. பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடும் வீடு என்று கொள்வோம். 720-இல் 240 யூனிட் மட்டும் வீட்டுக்குள் செலவாகிறது, 480 வெளியே போகிறது. வாங்கும் யூனிட் 660; அதற்கு 3,500 ரூபாய் அளவில் பில். அனுப்பியதற்கு வரவு 1,094 ரூபாய். கட்ட வேண்டியது 2,400 ரூபாய். கிராஸ் மீட்டரிங் என்றால் இன்னும் மோசம்: பில் நாலாயிரத்தைத் தாண்டும். வெயில், பேனல், வீடு எதுவும் மாறவில்லை. மாறியது கணக்கு மட்டும்.

இந்தக் குறைப்பு வந்தபோது வீட்டுச் சோலார் தமிழ்நாட்டில் தளர்ந்தது வியப்பில்லை. 2020 டிசம்பரில் மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் 10 கிலோவாட் வரை நெட் மீட்டரிங் என்றன. 2021 ஜூனில் அது அனுமதிக்கப்பட்ட மின்பளு அல்லது 500 கிலோவாட், இதில் எது குறைவோ அதுவரை என்று விரிந்தது. அதே வருடம் அக்டோபரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புது ஆணை போட்டது. வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பியது. கூடவே புதிதாக ஒன்றும் வந்தது: கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம்.

மின்வாரியம் ஏன் கூலி கேட்கிறது?

இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு. ஆனால் கோபப்படுவதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் வழக்காடினால் தோற்போம்.

கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், துணை மின்நிலையம், புயலடித்தால் நள்ளிரவில் கம்பத்தில் ஏறும் ஊழியர் ஆகிய எல்லாவற்றுக்கும் உண்டான செலவு நீங்கள் எத்தனை யூனிட் வாங்கினாலும் மாறாது. அந்தச் செலவை யூனிட் விலைக்குள் வைத்துத்தான் வாரியம் வசூலிக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 20 முதல் 50 ரூபாய் வரை இருந்த நிலைக்கட்டணமும் 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் நீக்கப்பட்டது. ஆக, நெட்வொர்க் கட்டணம் இல்லையென்றால், நெட் யூனிட் நூறுக்குள் வந்த சோலார் வீடு கம்பிக்காக ஒரு ரூபாயும் தருவதில்லை. இரவு முழுவதும் அதே கம்பியில்தான் ஏசி ஓடுகிறது. அந்தச் செலவை யார் தலையில் வைப்பது? கூரை இல்லாத அடுக்குமாடியில் குடியிருப்பவர், வாடகை வீட்டுக்காரர், சோலார் போட வசதியில்லாதவர் தலையில் என்கிறது வாரியம்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கம்பியைப் பயன்படுத்துகிறவர் அதற்குப் பங்கு தரத்தான் வேண்டும். நான் முரண்படுவது கட்டணம் எதன்மேல் விழுகிறது என்பதில். தமிழ்நாட்டு ஆணையில் நெட்வொர்க் கட்டணம் சோலார் உற்பத்தி முழுவதன்மேலும் கணக்கிடப்படுகிறது. தாழ்வழுத்த இணைப்புக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் 27 காசு, உயரழுத்தத்துக்கு 83 காசு என்று 2021-இல் தொடங்கியது, பிறகு கூடியது. சிறிய வீட்டு அமைப்புகளுக்குச் சலுகை விகிதம் உண்டு. மதியம் ஒரு மணிக்குக் கூரையிலிருந்து இறங்கி, அடுக்களை மிக்ஸிக்குப் போய், அங்கேயே தீர்ந்துவிடும் யூனிட் தெருக் கம்பியைத் தொடுவதே இல்லை. தொடாத கம்பிக்கு அந்த யூனிட் ஏன் கூலி தர வேண்டும்? கம்பி தயாராக நிற்பதற்கான செலவு என்றால், அதை மின்பளுவுக்கு ஏற்ற ஒரு சிறு நிலைக்கட்டணமாக எல்லா வீட்டுக்கும் பொதுவாக வைப்பதே நேர்மை. உற்பத்தியின்மேல் வரி போட்டால், பகலிலேயே செலவழித்துக் கம்பியின் சுமையைக் குறைக்கிற வீட்டுக்கும், மொத்தத்தையும் வெளியே தள்ளுகிற வீட்டுக்கும் ஒரே தண்டனை.

இதே கேள்வியைத்தான் கோவை, திருப்பூர்ப் பக்கத்துச் சிறுதொழில்காரர்கள் விடாமல் கேட்டார்கள். பட்டறைக்கும் பின்னலாடைக் கூடத்துக்கும் பகலில்தான் வேலை. சோலார் மின்சாரம் பெரும்பாலும் உள்ளேயே தீர்கிறது. 2023-இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மேற்கூரை சோலார் நெட்வொர்க் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. சங்கமாகச் சேர்ந்து கேட்டதால் கிடைத்தது. வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் பெரும்பாலும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு இது எவ்வளவு என்று பார்க்க எளிய வழி: இரண்டு மாத உற்பத்தி யூனிட்டை, நடப்பு ஆணையில் உங்கள் அளவுக்குச் சொல்லியிருக்கும் காசால் பெருக்குங்கள். 720 யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 216 ரூபாய். 1 ரூபாய் 27 காசு என்று வைத்தால் 914 ரூபாய். முதலாவது தாங்கும். இரண்டாவது, போட்ட பணம் திரும்பும் காலத்தைக் கணிசமாகத் தள்ளும்.

வெளியூர் வழக்குகள் நமக்குச் சொல்வது

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. அதில் நமக்கு மிகவும் உதவுவது அமெரிக்காவின் நெவாடா மாநிலக் கதை.

2015 டிசம்பரில் நெவாடாவின் ஒழுங்குமுறை ஆணையம் சோலார் வீடுகளுக்கு மாத நிலைக்கட்டணத்தை 12.75 டாலரிலிருந்து படிப்படியாக 38.51 டாலருக்கு ஏற்றுவது என்றும், வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பை 11 சென்ட் அளவிலிருந்து 2.6 சென்ட்டுக்கு இறக்குவது என்றும் முடிவெடுத்தது. கட்டணம் உயர்ந்ததைவிட மக்களைக் கொதிக்க வைத்தது வேறு: ஏற்கெனவே போட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். அரசு சொன்ன கணக்கை நம்பிக் கடன் வாங்கிப் பேனல் போட்ட குடும்பங்கள் ஒரே நாளில் ஏமாந்து நின்றன. சோலார்சிட்டி நிறுவனம் மாநிலத்தில் விற்பனையை நிறுத்தி 550 பேருக்கு மேற்பட்டவர்களை வேலையிலிருந்து எடுத்தது. வீட்டுக்காரர்கள் விசாரணைக் கூடத்தை நிரப்பினார்கள். 2016 செப்டம்பரில் பழைய வீடுகளுக்குப் பழைய கணக்கே 20 வருடத்துக்கு என்று மீட்டுக்கொடுத்தார்கள். 2017 ஜூனில் சட்டமன்றம் புது வீடுகளுக்கும் யூனிட் விலையில் 95 சதவீத மதிப்பிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டைச் சட்டமாக்கியது.

கலிபோர்னியாவில் சண்டை நீளமானது. 2021 டிசம்பரில் வந்த வரைவு, கிலோவாட்டுக்கு மாதம் 8 டாலர் கட்டணம் என்றது. 5 கிலோவாட் வீட்டுக்கு மாதம் 40 டாலர். எதிர்ப்பில் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. ஆனால் 2022 டிசம்பர் 15-இல் வந்த இறுதி முடிவு வேறு வழியில் கைவைத்தது. 2023 ஏப்ரல் நடுவில் வைத்த கெடுவுக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு, வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக 75 சதவீதம் குறைந்தது. முன்னரே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கணக்கு 20 வருடம் தொடரும். கெடுவுக்கு முந்தைய வாரங்களில் விண்ணப்பங்கள் குவிந்தன. பிறகு சந்தை படுத்தது. இப்போது போடுகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரியோடு போடுகிறார்கள். வழக்கும் ஓயவில்லை: 2025 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், ஆணையத்தின் முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவுக்கு மீறி நம்பிவிட்டது என்று சொல்லி வழக்கை மறு ஆய்வுக்கு அனுப்பியது.

ஸ்பெயின் 2015-இல் போட்ட கட்டணத்துக்கு மக்கள் 'சூரிய வரி' என்றே பெயர் வைத்தார்கள். 2018 அக்டோபரில் அது ரத்தானது. பக்கத்தில் கேரளத்தில் 2025-இல் வந்த வரைவு விதிகள் நெட் மீட்டரிங்கை 3 கிலோவாட்டோடு நிறுத்தப் பார்த்தன. கருத்துக்கேட்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

இலங்கையில் பிரச்சினை பணத்தைத் தாண்டிப் போய்விட்டது. 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவான நேரத்தில் சோலார் நிறைய ஓடிக்கொண்டிருந்தபோது பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தது. தொழிற்சாலைகள் மூடியிருக்கும், வெயிலோ உச்சத்தில் இருக்கும். பகலில் கூரைச் சோலாரை அணைத்துவையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. நண்பகலில் மின்சாரம் மிதமிஞ்சி, மாலை ஏழு மணிக்குப் பற்றாமல் போகிற இந்த நிலை பெரிய சோலார் மாநிலமான தமிழ்நாட்டுக்கும் வரும். அப்போது நண்பகல் யூனிட்டின் மதிப்பு இறங்கும். மத்திய விதிகளின் 2023 ஜூன் திருத்தமே அந்தப் பாதையில்தான் இருக்கிறது: ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கும் நேரத்துக்கு ஒரு விலை, வெயில் நேர யூனிட் வழக்கத்தைவிட குறைந்தது 20 சதவீதம் மலிவு என்கிறது அது.

நெவாடாவும் கலிபோர்னியாவும் காட்டுவது ஒன்றே. நீங்கள் இணைந்த தேதி ஒரு சொத்து. அதை நிரூபிக்கும் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். மானியம், வங்கிக் கணக்கு, நெட் மீட்டர் ஒப்பந்தம் மூன்றும் ஒரே பெயரில் பொருந்த வேண்டும். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு விண்ணப்பித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் மானியத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000; ஆக 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய். அடுக்குமாடிச் சங்கங்கள் பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. இந்த எண்களைக் காட்டிப் பெரிய அமைப்பை விற்கப் பார்ப்பார்கள். மூன்றுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மானியம் இல்லை; அதன் உற்பத்தி பெரும்பாலும் வெளியேதான் போகும். வெளியே போகும் யூனிட்டின் மதிப்புதான் முதலில் வெட்டப்படும் என்பதை மேலே பார்த்தோம். உங்கள் இரண்டு மாதச் செலவு 700 யூனிட்டுக்குள் என்றால் 3 கிலோவாட்டைத் தாண்டாதீர்கள்.

விற்பனையாளர் தரும் லாபக் கணக்கை நெட் மீட்டரிங்குக்கு மட்டும் வாங்காதீர்கள். ஃபீட்-இன் விலைக்கும் போட்டுத் தரச் சொல்லுங்கள். நெட்வொர்க் கட்டணம் எந்த வரியில் வருகிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். அந்த வரியே இல்லாத கணக்கு முழுமையான கணக்கு இல்லை. மோசமான கணக்கிலும் எட்டு வருடத்துக்குள் பணம் திரும்புமானால் தயங்காமல் போடலாம்.

2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. ஏற்றுக்கொண்டதாகவே கருத வேண்டும். மின்பளுவைக் கூட்ட வேண்டியிருந்தால் அதையும் மின்நிறுவனமே செய்துகொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்தும் செலவு அவர்களுடையது. பேனல் போட்டு முடித்து அறிவித்த பிறகு மீட்டர் வைத்து இயக்கித் தர 15 நாள். "டிரான்ஸ்பார்மரில் இடமில்லை சார், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற பதில் வாய்மொழியாக வந்தால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல இடங்களில் டிரான்ஸ்பார்மரில் இடம் கிடைத்துவிடுகிறது.

வீட்டை வெயிலுக்குத் திருப்புவது

கிராஸ் மீட்டரிங்கைத் தவிர, எந்த ஆணை வந்தாலும் மதிப்பு அதிகம் குறையாத யூனிட் ஒன்று உண்டு. பகலில் வீட்டுக்குள்ளேயே செலவாகும் யூனிட்.

முன்பு பார்த்த அதே 900 யூனிட் வீட்டுக்கே வருவோம். மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் பதில் பதினொன்றுக்குப் போடுகிறார்கள். வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரி எல்லாம் பத்திலிருந்து மூன்றுக்குள். கீசரை மதியமே போட்டு வெந்நீரைத் தொட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். மின்ஸ்கூட்டரை விடுமுறை நாளில் பகலில் சார்ஜ் செய்கிறார்கள். இம்முறை பகலில் வயதானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று கொள்வோம்; பிற்பகல் ஏசியும் ஓடுகிறது. இப்படி 480 யூனிட் உள்ளேயே தீர்ந்து 240 மட்டும் வெளியே போனால், ஃபீட்-இன் கணக்கிலும் பில் 750 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும். பழக்கத்தை மாற்றாமல் இருந்தால் 2,400. பேட்டரி வாங்காமலேயே கிடைக்கும் பாதுகாப்பு இது. நெட் மீட்டரிங் இருக்கும் இன்றே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள். பணத்தில் இன்று வித்தியாசம் தெரியாது, விதி மாறும் நாளில் தெரியும்.

பேட்டரியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நெட் மீட்டரிங் உள்ளவரை, மின்வெட்டுக்காக அன்றி லாபத்துக்காகப் பேட்டரி வேண்டாம். மின்வெட்டில் கிரிட் சோலார் நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பில்லைப் படியுங்கள்

நெட் மீட்டர் வந்த பிறகு முதல் மூன்று பில்களில்தான் பிழை அதிகம். மீட்டர் திரையில் உள்ளே வந்த யூனிட்டும் வெளியே போன யூனிட்டும் மாறி மாறி ஓடும். ரீடிங் எடுக்க வருகிறவர் ஒன்றை மட்டும் குறித்துப் போனாலும், இரண்டையும் மாற்றி எழுதினாலும் பில் தாறுமாறாகும். மீட்டர் பொருத்திய அன்றே இரண்டு எண்களையும், சோலார் உற்பத்தி மீட்டரின் எண்ணையும் தேதி தெரியும்படி செல்போனில் படமெடுத்து வையுங்கள். ரீடிங் எடுக்கும் நாளிலும் அப்படியே. பழைய மீட்டரைக் கழற்றும்போது அதன் கடைசி எண்ணையும் விடாதீர்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை: வாங்கியது, அனுப்பியது, முந்தைய பில்லில் மிஞ்சி வரவு வைத்த யூனிட், உற்பத்தியின்மேல் போட்ட கட்டணம். மிஞ்சிய யூனிட் அடுத்த பில்லுக்கு வராமல் காணாமல் போவது அடிக்கடி நடப்பது. கணக்கு வருடம் எந்த மாதத்தில் முடிகிறது, அன்று மிஞ்சியிருப்பதற்கு என்ன ஆகும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். அதைப் படித்து, அந்த மாதத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

பில் சரியாக இருந்தும் உற்பத்தி குறைந்தால் வோல்டேஜைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில், தெருக்கோடியில் இருக்கும் வீடுகளில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வோல்டேஜ் 250-ஐத் தாண்டும். தெருவில் செலவு குறைவு. பல கூரைகள் ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. எல்லை மீறியதும் இன்வெர்ட்டர் தானாக நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும். ஆப்பில் பார்த்தால் உச்சி வெயிலில் கோடு பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பேனல்காரர் மேகம் என்பார். மேகமில்லாத மூன்று நாள் படத்தையும் வோல்டேஜ் பதிவையும் அச்செடுத்து உதவிப் பொறியாளரிடம் கொடுங்கள். வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் டேப்பை மாற்றுவது, ஃபேஸ்களின் சுமையைச் சமன்செய்வது ஆகியவை அவர்கள் வேலை, வீட்டுக்காரர் செலவில்லை.

எங்கே முறையிடுவது

முதல் மனு பிரிவு அலுவலகத்துக்கு. கையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தீராவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தில் உள்ள மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதன் முடிவும் சரியில்லை என்றால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு தந்த உரிமை இது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. மனுவில் வருத்தத்தை எழுதிப் பக்கத்தை நிரப்பாமல், இணைப்பு எண், இணைந்த தேதி, எந்த ஆணையின் எந்தப் பத்தி, எத்தனை யூனிட் வித்தியாசம், எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். படங்களை இணையுங்கள்.

ஆனால் பில் பிழையைத்தான் இங்கே திருத்த முடியும். கட்டணமே தவறு என்றால் போக வேண்டிய இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒவ்வொரு கட்டண மனுவின்மேலும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுப் பரிசீலித்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 64-ஆவது பிரிவு சொல்கிறது. அறிவிப்பு நாளிதழ்களில் வரும். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஆலைச் சங்கங்கள் வக்கீலோடும் கணக்காளரோடும் வந்து உட்காருகின்றன. வீட்டுச் சோலார்க்காரர்களின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதனால்தான் சிறுதொழிலுக்குக் கிடைத்த சலுகையைப் பற்றி வீட்டுக்காரர்கள் செய்தியில் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டண மனு வரும்போது ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மூன்று கோரிக்கை போதும். கட்டணம் உற்பத்தியின்மேல் வேண்டாம், கம்பி வழியாகப் போய் வந்த யூனிட்டின்மேல் மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே இணைந்தவர்களுக்கு இணைந்த நாளின் கணக்கே பேனலின் ஆயுள்வரை தொடரட்டும். விதி மாறுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே அறிவிக்கட்டும். அந்தக் கடிதத்தோடு உங்கள் வீட்டுச் சோலார் பில்லின் நகல் ஒன்றையும் இணையுங்கள். தெருவில் சோலார் போட்ட இன்னும் நாலு வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.